அவள் வலது கையை நீட்டவே இல்லை

என் மகளுக்கு இப்போது ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு உடம்பின் வலது பக்கம் மட்டும் தசை இறுக்கமும் பலவீனமும் உண்டு. மூளை முடக்குவாதத்தில் இது ஒரு வகை, டாக்டர்கள் ஹெமிபிளீஜியா என்று எழுதுவார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன்பே பிசியோதெரபி தொடங்கிவிட்டோம். இன்றைக்கு ஓடுகிறாள், சைக்கிள் பழகுகிறாள், தன் சட்டைக்குத் தானே பட்டன் போடுகிறாள். பட்டன் போட மற்ற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு, குலசேகரம், தக்கலைப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் பிள்ளை உட்காரவில்லை, பேசவில்லை என்று கவலை வந்தால் யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். போனில் ஒவ்வொருவரிடமும் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஒரு பிள்ளையை வளர்த்து, தெரபி அறை வாசலில் மற்ற அம்மாக்களோடு காத்திருந்து கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் என் மகளின் கதை, ஏனென்றால் எங்களுக்கு யாரும் எச்சரிக்கை கொடுக்கவில்லை. நிறைமாதத்தில் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். எடை நன்றாக இருந்தது. பிள்ளை வளர்ச்சி பற்றிப் பேச்சு வந்தாலே "பிறந்ததும் அழுதாளா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அழுதாள் என்றால் கவலை இல்லை என்ற நினைப்பு ஊருக்கே இருக்கிறது. அது சரியில்லை. என் மகளுக்கு நடந்தது, பிறப்பை ஒட்டிய நாட்களில் மூளையின் இடது பக்கத்தில் ஏற்பட்ட ஒரு பக்கவாதம். பெரியவர்களுக்கு வருவதுபோலக் குழந்தைக்கும், வயிற்றில் இருக்கும்போதோ பிறக்கிற சமயத்திலோ, மூளைக்குப் போகும் ரத்தம் ஓரிடத்தில் தடைபடலாம். கர்ப்பமும் பிரசவமும் எந்தக் கோளாறும் இல்லாமல் முடிந்த பிள்ளைகளுக்கும் இது வரும். முதல் சில மாதங்கள் வெளியே ஒன்றும் தெரியாது, கையை வேண்டுமென்றே நீட்டி எடுக்கும் வயது வரும்போதுதான் தெரியும்.

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, குளிப்பாட்ட வந்த பாட்டி. உருக்கெண்ணெய் தேய்த்து, கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும் கை அது. எத்தனையோ பிள்ளைகளைத் தொட்ட கை. ஐந்தாம் மாதம் இருக்கும், ஒருநாள் சொன்னார்: "மக்களே, இந்தக் கை மட்டும் என்னவோ வரமாட்டேங்கு. விரிச்சாலும் பொறவு மடக்கிடுது."

அன்றைக்குத்தான் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது உள்ளங்கை சுத்தமாக, உலர்ந்து இருந்தது. வலது கையில் கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் மூடியிருந்தன. பிரித்தால் ரேகைகளுக்குள் துணிப் பஞ்சும் அழுக்கும் வேர்வையும் சேர்ந்து ஒரு புளித்த வாடை. பச்சைக் குழந்தைகள் கையை மூடித்தான் வைத்திருக்கும், ஆனால் மூன்று நான்கு மாதத்துக்குள் விரல்கள் தானாக விரியத் தொடங்கும். இவளுக்கு ஒரு கை விரிந்துவிட்டது, மற்றது விரியவில்லை.

அதற்கப்புறம் கவனித்துக்கொண்டே இருந்தேன். கிலுகிலுப்பையை நேராக முன்னால் காட்டினால் இடது கை வந்தது. வலது பக்கம் கொண்டுபோய்க் காட்டினாலும் இடது கைதான் உடம்பைத் தாண்டி அந்தப் பக்கம் வந்தது. இடது கையை நான் மெதுவாகப் பிடித்துக்கொண்டு காட்டினேன். அப்போதும் வலது கையை நீட்டவில்லை. உடம்பை முழுக்க முன்னால் சாய்த்து, வாயைக் கொண்டுவந்து கிலுகிலுப்பையைக் கவ்வப் பார்த்தாள். ஏழு மாதப் பிள்ளை, ஒரு கை சும்மா இருக்கும்போது, வாயை நீட்டினாள். ஏதோ இருக்கிறது என்று அந்த நொடியில் எனக்கு உறுதியாகிவிட்டது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் மாமனார் ரப்பர் பால் வெட்டியவர், இடக்கைக்காரர். மாமியார் அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டார்: "அவளுக்க தாத்தாவுக்க கை அப்படியே வந்திருக்கு, கேட்டியா." அவர் அன்போடு சொன்னதுதான். ஆனால் ஒரு விஷயத்தைப் பெற்றோர் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வயதுக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் இடக்கைக்காரரும் இல்லை, வலக்கைக்காரரும் இல்லை. இரண்டு கையையும் ஏறக்குறைய சமமாகப் பயன்படுத்த வேண்டிய வயது அது. எந்தக் கைப் பழக்கம் என்பது இரண்டு வயதுக்கு மேல்தான் மெல்ல நிலைக்கும். அதற்கு முன்பே ஒரு கையை மட்டும் பிடிவாதமாகப் பயன்படுத்தினால், அந்தக் கை கெட்டிக்காரக் கை என்று மகிழ்வதற்கு முன், மற்றக் கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

முதலில் காட்டிய டாக்டர், ஒரு வயது வரை பார்ப்போம் என்றார். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது கிராம செவிலியரிடம் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பார்த்த டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னதோடு, அதன் முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றே பிசியோதெரபிக்கும் அனுப்பினார்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் சிகிச்சை என்று நாம் நினைக்கிறோம். வளர்ச்சித் தாமதத்தில் அப்படி இல்லை. கை இறுகியிருக்கிறது என்றால் கைக்கு இன்றே பயிற்சி தொடங்கலாம், காரணம் எதுவாகவும் இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை புதுப் பாதை போட்டுக்கொள்ளும் வேகம் பிறகு வராது. பார்ப்போம், பொறுப்போம் என்று போகும் மாதங்கள் அந்தக் காலத்திலிருந்துதான் போகின்றன. ஒன்றுமில்லாத பிள்ளைக்கு நாலு நாள் பயிற்சி கொடுத்தால் எந்த நஷ்டமும் இல்லை.

இனி, எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல கருவி பிறந்திருக்கிறது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள சைல்டு டெவலப்மென்ட் சென்டரில், டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவரது குழுவினரும் உருவாக்கி 1991-ல் வெளியிட்ட திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை. பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள் மட்டும். ஒவ்வொரு செயலுக்கும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்குள் வரும் என்று ஒரு பட்டை வரைந்திருக்கும். பிள்ளையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை நெட்டாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடது பக்கம் முழுதாக முடிந்துபோன பட்டைகளில் பிள்ளை செய்யாத செயல் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, மணியோசைக்குத் திரும்புவது, ஒரு கையில் இருப்பதை மறு கைக்கு மாற்றுவது, சிறு பொருளை இரண்டு விரலால் பொறுக்குவது, தனியாக நடப்பது, இரண்டு சொல் சொல்வது, பொம்மையின் கண், மூக்கைத் தொட்டுக் காட்டுவது, இப்படிப் போகும். எந்த இயந்திரமும் தேவையில்லை, அதிக நேரமும் ஆகாது. என் மகளின் வயதுக்கு அந்த அட்டவணையில் பென்சில் வைத்துப் பார்த்தபோது, கைக்குக் கை மாற்றும் இடத்தில் நின்றது.

வீட்டில் நினைவு வைத்துக்கொள்ள நான் சொல்வது இவ்வளவுதான். மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, ஒரு வயதாகியும் பா-பா, தா-தா என்ற மழலை இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் காட்டுங்கள். காட்டுங்கள் என்றால் பயப்படுங்கள் என்று அர்த்தம் இல்லை. காட்டுகிற பிள்ளைகளில் பலருக்கு ஒன்றும் இருக்காது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், 17 மாதம் கடந்தும் வரலாம், இரண்டும் இயல்புதான். நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே அடுத்த நிலைக்குப் போய்விட்டார்கள். அதனால் தவழவில்லை என்பது மட்டும் எனக்குப் பெரிய செய்தி இல்லை. ஆனால் ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டு தவழ்ந்தால், பிடித்து நிற்கவைக்கும்போது எப்போதும் கால் விரல் நுனியிலேயே நின்றால், தூக்கும்போது இரண்டு காலும் கத்தரிபோலக் குறுக்கே மாட்டிக்கொண்டால், உடம்பு துணிபோல வழுக்கி நழுவினால், அந்தந்த மாதக் கணக்கெல்லாம் சரியாக இருந்தாலும் காட்டத்தான் வேண்டும். என் மகள் ஏழாம் மாதத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாதக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று விட்டிருப்போம். எப்போது செய்தாள் என்பதோடு எப்படிச் செய்கிறாள் என்பதையும் பாருங்கள்.

குறைமாதப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. எட்டு வாரம் முன்னால் பிறந்த பிள்ளைக்கு, பிறந்த தேதிப்படி ஆறு மாதம் ஆனாலும் வளர்ச்சிக்கு நான்கு மாதம் என்றுதான் எடுக்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்க்கச் சொல்வார்கள். இது தெரியாமல் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருவர் ராத்திரி எல்லாம் அழுதுகொண்டிருந்தார், கழித்துப் பார்த்தால் இரண்டு பிள்ளைகளும் சரியாகவே இருந்தார்கள். அதே சமயம் குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, பிறந்ததும் ஐசியுவில் இருந்த பிள்ளை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த பிள்ளை என்றால், நன்றாக இருக்கிறாள் என்று தோன்றினாலும் வரச்சொல்லும் நாளில் தவறாமல் போய்வர வேண்டும்.

எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் பேச்சைப் பற்றி. "அவனுக்க அப்பனும் மூணு வயசுக்குப் பொறவுதான் பேசினான்" என்பது எல்லா வீட்டிலும் தயாராக இருக்கும் பதில். அப்பன் தாமதமாகப் பேசியிருக்கலாம். அதனால் பிள்ளைக்குக் காது கேட்கிறது என்று ஆகிவிடாது. பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

குளச்சல் பக்கத்தில் எங்கள் தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவன். அப்பா போட்டில் போனால் வாரக் கணக்கில் கடலில்தான். வீடு நிறைய ஆட்கள். "எல்லாம் வெளங்கும், வாய்தான் தொறக்க மாட்டேங்கான்" என்று அவன் பாட்டி சொன்னார். ஒன்றரை வயது தாண்டியிருந்தான். நான் போனபோது பாட்டி "வா, சோறு உண்ணலாம்" என்று கூப்பிட்டார், வந்தான். கூப்பிடும்போதே கையையும் அசைத்தார், தட்டையும் காட்டினார். பின்னால் போய் நின்று கூப்பிட்டுப் பாருங்கள் என்றேன். கையைத் தட்டிக் கூப்பிட்டார், திரும்பினான். காற்று பட்டாலும் நிழல் ஆடினாலும் பிள்ளை திரும்பும். கதவை அடித்தால் தரை அதிரும். அதனால் வெறும் குரல் மட்டும், நாலடி பின்னால் நின்று, சாதாரணச் சத்தத்தில் கூப்பிடச் சொன்னேன். திரும்பவில்லை. தலையில் வயர் ஒட்டி, சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டில் இரண்டு காதிலும் கடுமையான கேட்புக் குறைபாடு என்று வந்தது.

அந்தக் குடும்பம் அடிக்கடிச் சொன்ன ஒரு விஷயம்: "கைக்குழந்தையில நல்லா சத்தம் போட்டானே." காது கேட்காத பிள்ளையும் முதல் மாதங்களில் ங்கா, ஊ என்று சத்தம் எழுப்பும். பிறகுதான் அது வளராமல் நின்றுபோகும். அதனால் அந்தச் சத்தத்தை நம்பி விட்டுவிட வேண்டாம். இப்போது பல மருத்துவமனைகளில் பிறந்த சில நாட்களுக்குள்ளேயே ஓஏஇ என்று காதுச் சோதனை செய்கிறார்கள், டிஸ்சார்ஜ் தாளில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதே தாளில் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறவித் தைராய்டுக் குறையை முதல் வாரங்களில் பிடித்தால் தினம் ஒரு மாத்திரையில் முடிகிற காரியம், விட்டால் மூளை வளர்ச்சியே பாதிக்கும். காது விஷயத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் ஆபரேஷன், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. ஆனால் ஆறு வயது வரை இருக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள, காது, பேச்சுக் குறைகளுக்கான நிஷ் நிறுவனமும் எட்டும் தூரம்தான். அந்தப் பையன் இப்போது மெஷின் போட்டுக்கொண்டு ஸ்பீச் தெரபி போகிறான்.

காது நன்றாகக் கேட்கிறது, ஆனாலும் பேசவில்லை என்றால் அடுத்து நான் கேட்பது, விரல் நீட்டிக் காட்டுகிறானா என்றுதான். வேண்டும் என்பதற்காகக் காட்டுவது ஒன்று. அதைவிட முக்கியம், நீயும் பார் என்பதற்காகக் காட்டுவது. ரோட்டில் பஸ் போகும், பலா மரத்தில் அணில் ஓடும், பிள்ளை அதை விரலால் காட்டிவிட்டு, நாம் பார்க்கிறோமா என்று திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். ஒன்றரை வயதில் இது இருக்க வேண்டும். சில பிள்ளைகள் விரல் நீட்டுவதற்குப் பதில் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பிஸ்கட் டப்பாமேல் வைப்பார்கள், நம் முகத்தைப் பார்க்கவே மாட்டார்கள். கார் பொம்மையை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கண்ணோடு கண் பார்ப்பது குறைவாக இருக்கும். இவை சேர்ந்து இருந்தால் ஆட்டிசம் சோதனை செய்துவிட வேண்டும். 16 முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு, பெற்றோரே பதில் எழுதலாம். அதில் மதிப்பெண் கூடினால் ஆட்டிசம் உறுதி என்று ஆகாது, நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றுதான் பொருள்.

மொபைலைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, நானும் அதைத்தான் சொல்வேன். பிள்ளையிடம் பேச வேண்டிய நேரத்தைப் போன் தின்றுவிடுகிறது. ஆனால் "போனை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும், ஆறு மாதம் பார்க்கலாம்" என்று ஒரு வழக்கம் இப்போது பரவியிருக்கிறது, அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. போனை இன்றே நிறுத்துங்கள். சோதனைக்கும் இந்த வாரமே போங்கள். ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாள் பார்க்காமல் ஓட வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. வந்த திறமை போய்விடுவது ஒன்று. பத்து சொல் சொன்ன பிள்ளை பேச்சை விட்டுவிட்டது, டாட்டா காட்டிய பிள்ளை காட்டுவதில்லை, நடந்த பிள்ளை விழுகிறது என்றால், எந்த வயதாக இருந்தாலும் உடனே டாக்டர். அடுத்தது இன்னும் அவசரம். மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், தூங்கி எழுந்ததும் பிள்ளை திடீரென்று தலையைக் குனிந்து, இரண்டு கையையும் விரித்து அல்லது மடக்கி வெட்டும். ஒரு நொடிதான். சில விநாடி கழித்து மறுபடி, மறுபடி, வரிசையாக வரும். வயிற்றுவலி, உறக்கத்தில் பயந்தது என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் கொண்டிருப்பார்கள். அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், ஒவ்வொரு நாளும் மூளையின் வளர்ச்சியைத் தடுக்கும். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீடியோ என்றதும் சொல்கிறேன், டாக்டரிடம் போகும்முன் வீட்டில் எடுத்த வீடியோ பெரிய உதவி. ஆஸ்பத்திரியில் புது முகத்தைப் பார்த்ததும் பிள்ளை அழும், ஒன்றும் செய்து காட்டாது, அதற்குள் நம் டோக்கன் முடிந்துவிடும். பிள்ளை தரையில் விளையாடும்போது, உண்ணும்போது, கூப்பிடும்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிட வீடியோ போதும். கூடவே ஒரு தாளில், என்ன செய்கிறாள், எதைச் செய்யவில்லை, எந்த மாதத்திலிருந்து என்று எழுதிக்கொள்ளுங்கள். "சரியா வளரலைன்னு தோணுது" என்று சொன்னால் "பார்ப்போம்" என்ற பதில் வரும். "ஏழு மாதம் ஆகிறது, வலது கையால் இதுவரை ஒரு பொருளைக்கூட எடுக்கவில்லை" என்றால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்ப்பார். அவர் பொறுங்கள் என்றால், எத்தனை நாள், அதற்குள் எது வந்திருக்க வேண்டும், வராவிட்டால் எங்கே போக வேண்டும் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு எழுந்திருங்கள்.

எங்கே போவது? தேசிய அளவில் 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தில் ஒரு மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வரும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்க்கும். அங்கன்வாடியில் சேராத பிள்ளையையும் அன்றைக்குக் கொண்டுபோகலாம், டீச்சரிடம் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு அனுப்பும் பிள்ளைகளுக்காகத்தான் மாவட்ட அளவில் டிஇஐசி என்ற மையங்கள். குழந்தை டாக்டர், பிசியோ, பேச்சு, காது, கண் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில், செலவில்லாமல் காட்டுவதற்கான ஏற்பாடு. குழு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கிராம செவிலியரோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரோ எழுதிக் கொடுத்தாலும் போகலாம்.

தெரபி என்றால் ஆஸ்பத்திரியில் நடக்கும் அரைமணி நேரம் என்று நினைத்தால் பலன் குறைவு. எங்கள் தெரபிஸ்ட் முதல் நாளே சொன்னார், நான் சொல்லிக்கொடுப்பதை வீட்டு வேலைக்குள் கொண்டுபோங்கள் என்று. எங்களுக்கு மட்டிப்பழம் கைகொடுத்தது. எங்கள் ஊரில் பிள்ளைக்கு முதலில் கொடுக்கும் பழம் அது, விரல் அளவில் சின்னதாக, தோல் மெலிதாக இருக்கும். ஒரு கை பிடிக்காமல் மறு கையால் அதை உரிக்க முடியாது. ஒன்றரை வயதில் காம்பைக் கொஞ்சம் கிள்ளிவிட்டு முழுப் பழத்தை வலது கையில் வைத்து, என் கையால் அவள் விரல்களைச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். இடது கை தோலை இழுக்கும். முதலில் பழம் நசுங்கி மடியெல்லாம் ஒழுகியது. பிறகு என் பிடியைத் தளர்த்தினேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். உண்ண வேண்டும் என்ற ஆசை இருந்ததால் அவள் சலிக்கவே இல்லை. பெரிய பந்தை இரண்டு கையாலும் தூக்குவது, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது, குளிக்கும்போது துணியைப் பிழிவது, எல்லாம் இதே வகைதான். நல்ல கைக்கு உறை மாட்டி, இயங்காத கையை வேலை செய்யவைக்கும் முறையும் ஒன்று உண்டு. அதைத் தெரபிஸ்ட் நேரம் குறித்துக் கொடுக்காமல் நீங்களாகச் செய்யாதீர்கள், பிள்ளைக்குக் கைமேலேயே வெறுப்பு வந்துவிடும்.

ஊர் பேசும். கிரகணத்தில் வெளியே போனாயா, குளிப்பாட்டியவள் கையை முறுக்கிவிட்டாளா என்றெல்லாம் கேட்பார்கள். பாவம், முதலில் கண்டுபிடித்த அந்தப் பாட்டியின் மேலேயே பழி விழுந்தது. எம்ஆர்ஐ படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நான் விளக்கினேன். வளைகுடாவில் இருந்த கணவருக்கும் டாக்டரை வீடியோ காலில் பேசவைத்தேன். அவர் காதால் நேரே கேட்டபின் வீட்டில் வாதம் நின்றது. வெளிநாட்டில் அப்பா இருக்கும் வீடுகளில் இது அவசியம், முடிவெடுக்கும் ஆள் டாக்டர் வாயிலிருந்தே கேட்க வேண்டும். என் மாமியார்தான் இப்போது பிள்ளையைத் தெரபிக்குக் கூட்டிப்போகிறவர், பயிற்சியைத் தவறவிட்டால் என்னைத் திட்டுகிறவரும் அவர்தான்.

முதல் நாள் போகும்போது தாய் சேய் நல அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் தாள், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள், நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொம்மையும், வழக்கமாக உண்ணும் ஆகாரமும் எடுத்துப் போங்கள். பசியிலும் உறக்கத்திலும் இருக்கும் பிள்ளை எதையும் செய்து காட்டாது. பெரா டெஸ்ட் என்றால் மட்டும் இதற்கு நேர்மாறு, பிள்ளை தூங்கினால்தான் எடுக்க முடியும். முந்தின ராத்திரி நேரம் கழித்துத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வண்டியில் உறங்கவிடாமல் கொண்டுபோக வேண்டும். தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப்போங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் தலையில் எப்போதும் தேங்காயெண்ணெய் இருக்கும், அதன்மேல் அந்த ஒட்டுவயர்கள் நிற்காது, இன்னொரு நாள் வரச்சொல்லிவிடுவார்கள்.